பகத் சிங் திந்த் வெள்ளைக்காரரா?

தலைப்பைப் பார்த்ததும் லாகூரில் தூக்கிலிடப்பட்ட பகத் சிங் ஞாபகத்துக்கு வந்திருப்பார். அவர் இல்லீங்க, இவர் வேற. இவரும் பஞ்சாபிதான். ஆனால் இவருடைய வழக்கு நடந்தது அமெரிக்காவில். 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவரை வைத்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது: இந்த மனுஷன் வெள்ளைக்காரரா, இல்லையா?

முதலில் படித்தபோது சிரிப்புதான் வந்தது. இதையெல்லாம் போய் உச்ச நீதிமன்றத்தில் கேட்பாங்களா, கண்ணாடியைக் கேட்டால் போதாதா என்று. முழுசாகப் படித்து முடித்தபோது சிரிப்பு போய்விட்டது.

நான் சட்டம் படிக்கிற ஆள் இல்லை. சர்வர், நெட்வொர்க் என்று காலம் தள்ளுகிற எம்.எஸ். மாணவன். ஆனால் இந்த ஊரில் விசாவில் இருக்கிற எவனுக்கும் பாதிச் சட்டம் தானாகவே தெரிந்துவிடும், வேற வழியில்லை :-) மீதிப் பாதியைத் தேடிப் போனபோது மாட்டியதுதான் இந்தக் கதை. கொஞ்சம் நீளம். காபி கலந்து எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

இரண்டு கதவுகள்

அமெரிக்கக் குடியுரிமைக்குள் நுழைய இரண்டு கதவுகள். ஒன்று, இங்கே பிறப்பது. இன்னொன்று, வெளியே பிறந்து இங்கே வந்து மனுப் போடுவது.

இரண்டாவது கதவுக்கான முதல் சட்டம் 1790-ல் வந்தது. இரண்டு வருஷம் இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும், நல்ல நடத்தை வேண்டும், அதோடு மனுப் போடுகிறவர் 'சுதந்திரமான வெள்ளையராக' இருக்க வேண்டும். வெள்ளையர் என்றால் யார்? சட்டத்தில் அதற்கு விளக்கம் கிடையாது. எழுதித்தான் தெரியணுமா என்று நினைத்திருப்பார்கள்.

முதல் கதவும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. 1857-ல் டிரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுப் போட்ட வழக்கில், தலைமை நீதிபதி டேனி ஒரே போடாகப் போட்டார். ஆப்பிரிக்க வம்சாவளியினர் அடிமையாக இருந்தாலும் சரி, சுதந்திரமானவராக இருந்தாலும் சரி, இந்த நாட்டின் குடிமக்கள் ஆக முடியாது என்றார். அதற்கப்புறம் உள்நாட்டுப் போர், லட்சக்கணக்கில் சாவு. 1868-ல் அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தம் வந்தது. இங்கே பிறந்து, இந்த நாட்டின் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்ட எல்லாரும் குடிமக்கள் என்று அது சொன்னது. அந்த வாக்கியத்தில் நிறம் என்ற பேச்சே இல்லை.

1870-ல் இரண்டாவது கதவையும் கொஞ்சம் அகலமாக்கினார்கள். சார்லஸ் சம்னர் என்ற செனட்டர், 'வெள்ளையர்' என்ற சொல்லையே சட்டத்திலிருந்து எடுத்துவிடலாம் என்றார். அப்புறம் சீனர்கள் உள்ளே வந்துடுவாங்களே என்று மற்றவர்கள் பதறி அதைத் தோற்கடித்தார்கள். கடைசியில் ஆப்பிரிக்கப் பிறப்பினரையும் வம்சாவளியினரையும் மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். ஆக, ஒன்று வெள்ளை, இல்லாவிட்டால் கறுப்பு. நடுவில் இருக்கிற ஆசியாக்காரன் எங்கே போவான்? அதற்குத்தான் அடுத்த எண்பது வருஷம் கோர்ட் வாசல்.

சமையல்காரர் வோங்

முதல் கதவைத் தட்டியவர் வோங் கிம் ஆர்க். 1873-ல் சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர், சமையல் வேலை பார்த்தவர். சீனாவுக்குப் போய்விட்டு 1895-ல் திரும்பி வந்தபோது துறைமுகத்தில் இறங்க விடவில்லை. சீனத் தொழிலாளர்கள் வருவதைத் தடுக்கும் சட்டம் 1882-லிருந்தே இருந்தது. "நான் இங்கேயே பிறந்தவன்" என்றார். "உங்க அப்பா அம்மா சீனப் பேரரசரோட குடிகள், நீயும் அப்படித்தான்" என்றது அரசு. கரைக்குப் பக்கத்திலேயே நின்ற கப்பல்களில் மாசக்கணக்கில் கிடந்தார். சொந்த ஊர் கண்ணுக்கு எதிரே தெரிகிறது, கால் வைக்க முடியாது!

சான் பிரான்சிஸ்கோ சீனர்களின் சங்கம் வக்கீல் வைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1898 மார்ச் 28 அன்று 6-க்கு 2 என்ற கணக்கில் வோங் ஜெயித்தார். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹோரஸ் கிரே. அவர் சொன்ன காரணங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இது: பெற்றோர் வெளிநாட்டுக் குடிகள் என்பதற்காக இந்தப் பிள்ளைக்கு இல்லை என்றால், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ஜெர்மனியிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே பிறந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கும் இல்லை என்று ஆகிவிடுமே, அவங்களை எல்லாம் குடிமக்களாகத்தானே நடத்திக்கிட்டு வர்றோம்?

வோங் தன்னை வெள்ளையர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. மற்ற சீனர்களைவிட நான் உசத்தி என்றும் வாதாடவில்லை. "சட்டத்தில் 'எல்லாரும்' என்று எழுதியிருக்கிறது, அந்த எல்லாரில் நானும் ஒருத்தன்" என்பதுதான் வழக்கு. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

தீர்ப்பு வந்ததும் எல்லாம் சுபம் என்று நினைக்காதீங்க. 1901-ல் டெக்சாஸின் எல் பாசோவில் இதே வோங்கை மறுபடி பிடித்து, நீ இங்கே இருக்கலாமா என்று முதலிலிருந்து நிரூபிக்கச் சொன்னார்கள். எவர் பெயரில் அந்தத் தீர்ப்போ, அவருக்கே அந்தக் கதி.

மூன்று மாதத்தில் மாறிய விளக்கம்

இப்போது இரண்டாவது கதவு. டாகாவோ ஒசாவா ஜப்பானில் பிறந்தவர். இளம் வயதிலேயே கலிஃபோர்னியா வந்து, பெர்க்லியில் பள்ளிக்கூடம் முடித்து, அங்கேயே பல்கலைக்கழகத்திலும் மூன்று வருஷம் படித்து, பிறகு ஹவாயில் குடியேறினார். வீட்டில் ஆங்கிலம்தான் பேச்சு. பிள்ளைகள் போனது அமெரிக்கப் பள்ளிக்கூடம், அமெரிக்கத் தேவாலயம். 1914-ல் குடியுரிமை கேட்டார். அவருடைய வாதங்களில் ஒன்று, தோல் நிறத்தில் ஜப்பானியர் பலர் வெள்ளையர் என்று ஏற்றுக்கொள்ளப்படுகிற பலரைவிட வெளுப்பானவர்கள் என்பது.

1922 நவம்பரில் நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட் தீர்ப்பு எழுதினார். தோல் நிறத்தை வைத்து முடிவு பண்ண முடியாது, ஒரே இனத்துக்குள்ளேயே எத்தனையோ நிறம் இருக்கிறது. 'வெள்ளையர்' என்றால் காக்கேசிய இனத்தவர் என்று பொருள். ஜப்பானியர் காக்கேசியர் இல்லை. மனு தள்ளுபடி.

இதைப் படித்துவிட்டு ஒருத்தர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். பகத் சிங் திந்த்.

திந்த் 1913-ல் அமெரிக்கா வந்தவர். ஆரிகன் மாநிலத்து மர ஆலைகளில் வேலை பார்த்தார். முதல் உலகப் போர் சமயத்தில், 1918-ல், அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். தலைப்பாகையோடு ராணுவச் சீருடையில் அவர் நிற்கிற புகைப்படம் ஒன்று இருக்கிறது, தேடிப் பாருங்க, கம்பீரமா இருப்பார். அந்த வருஷம் டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் குடியுரிமை கொடுத்தார்கள். நாலே நாளில் பிடுங்கிவிட்டார்கள். விடவில்லை மனுஷன். ஆரிகனில் மறுபடி மனுப் போட்டு, 1920-ல் மறுபடி வாங்கினார். அரசு மேல்முறையீடு செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வந்து சேர்ந்தது.

நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கேள்வி இது: பஞ்சாபின் அமிர்தசரஸில் பிறந்த, முழு இந்திய ரத்தமுள்ள, உயர்சாதி இந்து ஒருவர் வெள்ளையர் ஆவாரா? திந்த் ஒரு சீக்கியர். ஆனால் அன்றைய அமெரிக்காவில் இந்தியாவிலிருந்து வந்த எல்லாருமே 'இந்து'தான்.

திந்த்தின் வக்கீல் சகாராம் கணேஷ் பண்டிட். இவரும் இந்தியர், 1914-லேயே குடியுரிமை வாங்கியவர். இவர்களின் வாதம் சுலபமானது. காக்கேசியர்தான் வெள்ளையர் என்று நீங்களே சொல்லிட்டீங்க. மனித இனங்களை வகை பிரிக்கிற உங்க அறிஞர்கள் வட இந்தியர்களைக் காக்கேசியர் பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள். திந்த் ஆரியர். ஆகவே வெள்ளையர். முடிஞ்சுது கணக்கு.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதி இருக்கிறதால் எங்க ரத்தம் கலக்கவில்லை என்றார்கள். அமெரிக்க வெள்ளையர் கறுப்பினத்தவரோடு கல்யாண உறவு வைத்துக்கொள்ளாத மாதிரியே, எங்க உயர்சாதிக்காரரும் இந்தியாவின் பூர்வகுடிகளோடு வைத்துக்கொள்வதில்லை என்றார்கள். அதாவது, உங்களுக்குக் கீழே ஒரு கூட்டம் இருப்பது போல எங்களுக்குக் கீழேயும் ஒரு கூட்டம் இருக்கிறது, அதனால் நாமெல்லாம் ஒன்று. இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வந்தேன்.

1923 பிப்ரவரி 19-ல் தீர்ப்பு. எழுதியவர் அதே சதர்லேண்ட். போன தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் மூன்றே மாதம். இப்போது அவர் சொன்னது: அறிவியல் வகைப்பாடெல்லாம் நமக்கு வேண்டாம், சாதாரண மனிதன் 'வெள்ளையர்' என்றால் யாரை நினைக்கிறான் என்பதுதான் முக்கியம். எப்பவோ ஆதி காலத்தில் ஸ்காண்டிநேவியனுக்கும் இந்துவுக்கும் ஒரே மூதாதை இருந்திருக்கலாம், ஆனால் இன்றைக்கு இரண்டு பேரும் வேறு வேறு என்பது சாதாரண மனிதனுக்கு நன்றாகவே தெரியும். யாரையும் தாழ்த்திச் சொல்லவில்லை, வித்தியாசத்தைத்தான் சொல்கிறோம் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். (இந்த வசனத்தை நம்ம ஊர்லயும் கேட்டிருக்கோம் இல்ல?) ஒரு நீதிபதிகூட மாற்றுத் தீர்ப்பு எழுதவில்லை.

ஜப்பானியருக்கு அறிவியலைக் காட்டிக் கதவை மூடினார்கள். இந்தியர் அதே அறிவியலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்ததும் அறிவியலையே தூக்கி எறிந்துவிட்டார்கள். இந்த சதர்லேண்டே இங்கிலாந்தில் பிறந்து, சின்னப் பையனாக இங்கே வந்தவர் என்பது கொசுறுத் தகவல்.

தமிழனுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. சாதிக் கட்டுப்பாடு ரத்தக் கலப்பை முழுசாகத் தடுக்கவில்லை என்று சொல்கிற இடத்தில், ஆரியர்கள் கறுத்த தோல் திராவிடர்களோடு கலந்துபோனதைத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. அவர் கேஸ் தோற்றதில் நம்ம தாத்தாக்களுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு போல :-) விளையாட்டை விடுங்க. திந்த் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உயர்சாதி ஆரியர் என்று நிரூபிக்க முடிந்தவர்கள் உள்ளே. நீங்களும் நானும் வெளியேதான் நின்றிருப்போம். அந்த வாதத்தில் நமக்கு முதலிலிருந்தே இடம் இல்லை.

அதற்கப்புறம்

தீர்ப்பு ஒருத்தரோடு போகவில்லை. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த மற்ற இந்தியர்களிடமிருந்தும் அதைப் பிடுங்க அரசு வழக்குப் போட ஆரம்பித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இழந்தார்கள். கலிஃபோர்னியாவில் குடியுரிமை பெறத் தகுதியற்ற வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று 1913-லிருந்தே சட்டம் இருந்தது. இந்தியர்கள் மேலும் அது பாய்ந்தது. அப்படிப்பட்ட வெளிநாட்டவரைக் கல்யாணம் செய்துகொண்ட அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமையும் போய்விடும் என்று 1922-ல் ஒரு சட்டம் வந்திருந்தது. தாரக்நாத் தாஸ் என்ற விடுதலைப் போராட்டக்காரரின் மனைவி மேரி இங்கேயே பிறந்த அமெரிக்கப் பெண்மணி. கணவர் இந்தியர் என்பதற்காக அவருடைய குடியுரிமையும் போனது.

வைஷ்ணோ தாஸ் பகாய் பெஷாவர்க்காரர். 1915-ல் மனைவி கலா, மூன்று பையன்களோடு சான் பிரான்சிஸ்கோ வந்தார். கையில் பணத்தோடு வந்தவர். கடை வைத்தார். பெர்க்லியில் வீடு வாங்கிக் குடிபோகப் போனபோது, அக்கம்பக்கத்துக்காரர்கள் உள்ளே நுழைய விடாமல் வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். அதையும் தாங்கிக்கொண்டார். 1921-ல் குடியுரிமை கிடைத்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் பிரிட்டிஷ் பிரஜையாக இருக்கப் பிடிக்காமல்தான் இங்கே வந்திருந்தார், இனிமேல் அது இல்லை என்று சந்தோஷப்பட்டிருப்பார். திந்த் தீர்ப்புக்குப் பிறகு அதைப் பறித்தார்கள். கடையையும் சொத்தையும் விட வேண்டி வந்தது. 1928-ல் ஊருக்கு ஒரு முறை போய் வர அமெரிக்க பாஸ்போர்ட் கேட்டார். இல்லை, வேண்டுமானால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிக்கோ என்றார்கள். எதை உதறிவிட்டு வந்தாரோ அதையே மறுபடி போய்க் கேட்கச் சொன்னார்கள்.

அந்த வருஷம் மார்ச்சில் சான் ஹோசேயில் ஒரு அறை எடுத்து, எரிவாயுவைத் திறந்துவிட்டுத் தன் உயிரை முடித்துக்கொண்டார். அவர் எழுதி வைத்த கடிதம் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்றில் வெளியானது. பிள்ளைகளை அமெரிக்கர்களாக வளர்க்க நினைத்து வந்தேன், இப்போது நான் அமெரிக்கனும் இல்லை, வேறு எதுவும் இல்லை, முன்னாலும் தடை, திரும்பிப் போகவும் வழி இல்லை என்பது அதன் சாரம்.

கலா பகாய் மூன்று பையன்களையும் வளர்த்து ஆளாக்கினார். பின்னாளில் அவரே அமெரிக்கக் குடிமகளும் ஆனார். வீட்டுக்குள் விடாத அதே பெர்க்லி நகரத்தில் இப்போது ஒரு தெருவுக்கு அவர் பெயர். நூறு வருஷம் ஆனது அதற்கு.

அதே வக்கீல், வேறு வாதம்

திந்த்துக்காக வாதாடிய பண்டிட் மேலும் அரசு வழக்குப் போட்டது, உன் குடியுரிமையும் செல்லாது என்று. இந்த முறை அவர் ஆரியர், காக்கேசியர் கதையை நம்பி நிற்கவில்லை. அது போணியாகாது என்று தெரிந்துவிட்டதே. 1914-ல் ஒரு நீதிமன்றம் விசாரித்து எனக்குக் குடியுரிமை கொடுத்தது, அப்போது அரசு மேல்முறையீடு செய்யவில்லை, அதை நம்பி நான் இங்கே தொழில், குடும்பம், சொத்து எல்லாம் அமைத்துக்கொண்டேன், இத்தனை வருஷம் கழித்து வந்து திருப்பிக் கொடு என்றால் என்ன நியாயம் என்று கேட்டார். 1926-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார். அரசு உச்ச நீதிமன்றம் போனது. அவர்கள் 1927-ல் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டார்கள். அதோடு மற்ற இந்தியர்கள் மேல் நிலுவையில் இருந்த வழக்குகளையும் அரசு கைவிட்டது.

எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமானது இதுதான். "நானும் உங்களில் ஒருத்தன், மத்தவங்க மாதிரி இல்லை" என்று அதே மனிதர் வாதாடியபோது தோற்றார், தன்னோடு இன்னும் பலரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தோற்றார். "கொடுத்த வார்த்தை எல்லாருக்கும் ஒன்றுதானே" என்று வாதாடியபோது ஜெயித்தார், முகம் தெரியாத பலரையும் சேர்த்துக் காப்பாற்றினார்.

திந்த் என்ன ஆனார்? முதல் உலகப் போரில் வேலை செய்த ஆசிய ராணுவத்தினருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 1935-ல் வந்தது. அதன்படி 1936-ல் அவருக்குக் கிடைத்தது, மூன்றாவது தடவையாக! இந்தியர்களுக்குப் பொதுவாகக் கதவு திறந்தது 1946 ஜூலையில், அதுவும் வருஷத்துக்கு 100 பேர் என்ற கணக்கில். இனத்தைக் காட்டிக் குடியுரிமை மறுப்பது சட்டத்திலிருந்து மொத்தமாக நீங்கியது 1952-ல்தான். நாடு வாரியான பழைய ஒதுக்கீடு ஒழிந்து, நம்ம ஆட்கள் பெருவாரியாக வர வழி பிறந்தது 1965-ல். அந்த வருஷம் தெற்கே கறுப்பின மக்கள் ஓட்டுரிமைக்காக அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், 2025 ஜனவரி 20 அன்று ஒரு நிர்வாக ஆணை வந்தது. அம்மா தற்காலிக விசாவில் இருந்து, அப்பா குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இல்லாவிட்டால், இனிமேல் இங்கே பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை கிடையாது என்று. மாணவர் விசா, எச்-1பி எல்லாம் இதில் அடக்கம். உடனே பல மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போயின, நீதிபதிகள் தடை போட்டார்கள். அந்த வாதங்களில் நடுவே நின்றது 1898-ல் ஒரு சமையல்காரர் வாங்கிய தீர்ப்பு.

அந்த வாரம் நண்பர்கள் கூடுகிற இடங்களில் எல்லாம் ஒரே பேச்சைத்தான் கேட்டேன். "நாமெல்லாம் சட்டப்படி வந்தவங்கப்பா, படிச்சவங்க, ஒழுங்கா வரி கட்டறவங்க. எல்லை தாண்டி வர்றவங்களைத் தடுக்கட்டும், நம்மை எதுக்கு அவங்களோட சேர்க்கிறாங்க?" பயத்தில் வருகிற பேச்சு, புரிகிறது. எனக்கும் அதே பயம்தான். ஆனால் கேட்கக் கேட்க, 1923-ல் பண்டிட் எழுதிய மனுவை யாரோ தமிழில் சத்தமாக வாசிக்கிற மாதிரியே இருந்தது. யாரையோ கீழே காட்டி நாம் மேலே ஏறப் பார்த்தால், கோட்டை எங்கே போடுவது என்று முடிவு பண்ணுகிற பேனா அவர்கள் கையில்தான் இருக்கும். மூணு மாசத்தில் மாற்றிப் போட்டுடுவாங்க.

உங்க வீட்டு வாண்டு இங்கே பிறந்ததா? அதோட பாஸ்போர்ட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. வோங் கிம் ஆர்க் பெயர் அதில் எங்கேயும் இருக்காது. பிள்ளை கொஞ்சம் பெரியதானதும் அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுங்க.